துரை கொடுத்த ரீல்

போடிமெட்டைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் ஏலக்காயில் ஆரம்பித்து மூடுபனியில் முடிப்பது வழக்கம். நடுவிலே 17 கொண்டை ஊசி வளைவுகளும், பஸ்ஸில் வந்தவர்களின் தலைச்சுற்றலும் வரும். நானோ கடல் மீன் பிடிக்கிற ஒரு சாமானைப் பற்றி எழுதப் போகிறேன். எங்கே கடல், எங்கே போடிமெட்டு என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் நாலாயிரம் அடிக்கு மேலே, அந்த எல்லைச் சாவடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, காலடியில் ஓடுகிற சாலையின் இரண்டு நுனிகளையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேற்கே அது கொச்சித் துறைமுகத்தில் ஆரம்பிக்கிறது. கிழக்கே போடி, தேனி, மதுரை, சிவகங்கை என்று இறங்கிப் போய்த் தொண்டிக் கடற்கரையில் முடிகிறது. இன்று அதற்கு 85 என்று எண் போட்டிருக்கிறார்கள். முன்பு 49 என்று இருந்த காலத்தில் அது தனுஷ்கோடிச் சாலை. எண் எதுவானாலும், கடலில் தொடங்கிக் கடலில் முடிகிற சாலை அது. நடுவிலே ஒரு மலையைத் தாண்டிப் போகிறது, அவ்வளவுதான்.

இந்த மலைக்கு ஒரு காலத்தில் மீன் பிடிக்கும் ரீல்கள் நிறைய வந்தன. வந்தவை கடலுக்காக அல்ல, ஓடைக்காக.

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காடு திருத்தினார்கள், பல பயிர்களைப் போட்டுப் பார்த்தார்கள், கடைசியில் தேயிலை நிலைத்தது. மூணாற்றுத் தேயிலை சமவெளிக்கு இறங்கிய வழி நம்முடைய போடி வழிதான். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி விட்டார்கள். 1908-இல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். அந்த ரயில் டாப் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொட்டிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடியோடு வாரிக்கொண்டு போயிற்று. 1928-இல் போடிக்கே ரயில் வந்தது. பெட்டிகள் இறங்கிய வழியிலேயே அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறின. திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து ஜனங்கள் கங்காணியின் பின்னால் நடந்தே ஏறினார்கள். துரைமார்களின் சாமான்களும் ஏறின. அந்தச் சாமான்களுக்கு நடுவே நீளமான ஒரு தகரக் குழாய், தோல் உறை போட்ட ஒரு சிறு உருண்டை. குழாய்க்குள்ளே தூண்டில் கோல், உருண்டைக்குள்ளே ரீல்.

துரைக்கு ஊர் ஞாபகம் வந்தால் ட்ரவுட் மீன் ஞாபகமும் கூடவே வந்துவிடும். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில் மட்டுமே பிழைக்கிற மீன் அது. நீலகிரியில் அதை வளர்க்க வேண்டும் என்று 1860-களிலேயே டாக்டர் பிரான்ஸிஸ் டே முயன்றார். கப்பலில் வெப்ப மண்டலத்தைக் கடந்து மீன் முட்டையைக் கொண்டுவருவது லேசான காரியமா? முயற்சி பலிக்கவில்லை. இலங்கையில் 1880-களில் நுவரெலியாப் பக்கம் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். ஸி. வில்ஸன் என்ற நிபுணர் சென்னை அரசாங்கத்துக்காக நீலகிரியில் ரெயின்போ ட்ரவுட்டை நிலைநாட்டினார். அதே கால வாக்கில் மூணாற்று மலை ஓடைகளிலும் அந்த மீன் வந்து சேர்ந்தது. துரைமார்கள் அதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். இந்த ரெயின்போவுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. இதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் பசிபிக் கரை. அங்கே இதே ஜாதியில் ஒரு பகுதி ஆற்றிலே பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும். நம் மலைக்கு வந்த மீனுக்குக் கடலுக்குப் போக வழியில்லை. ஓடையோடு குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று.

மீன் அயலூர், ரீல் அயலூர். மற்றதெல்லாம் அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ட்ரவுட் பிடிக்க மண்புழு வைப்பது துரைமார் பார்வையில் கௌரவக் குறைச்சல். முள்ளிலே இறகும் பட்டும் சுற்றி, ஈயோ பூச்சியோ போலச் செய்து மிதக்க விடுவார்கள். பெரிய மீனுக்கான பகட்டான ஈக்களில் வைக்கிற இறகுகளில் ஒன்று, நம் மேற்கு மலைக் காட்டுச் சேவலின் கழுத்து இறகு. நுனியிலே மஞ்சள் மெழுகு சொட்டி உறைந்தது போல் ஒரு புள்ளி இருக்கும். போடிமெட்டுச் சரிவில் விடியற்காலையில் கூவுகிற அதே சேவல்தான். அந்த இறகு சீமைக்குக் கப்பலேறிப் போய், அங்கே கெண்டை விரல் அளவு ஈக்களில் உட்கார்ந்தது. பின்னாளில் அதன் ஏற்றுமதியை நம் நாடு தடுத்துவிட்டது. கோலுக்கும் ஒரு காலத்தில் கல்கத்தாவிலிருந்து மூங்கில் போயிற்று. நூல் பட்டு. ஆக, ரீல் ஒன்றுதான் முழுக்க முழுக்கச் சீமைச் சரக்கு.

அப்படி வந்த ரீல் ஒன்றைச் சில வருஷங்களுக்கு முன்பு போடியில் ஒரு வீட்டில் பார்த்தேன். வீட்டுக்காரர் நடுவயதை எட்டாத ஒரு வங்கி ஊழியர். வேலை தொண்டிக்குப் பக்கத்தில். விடுமுறைக்கு மட்டும் ஊர். அவருடைய தாத்தா மலை மேலே ஓர் எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். எஸ்டேட்டின் பெயர் இங்கே வேண்டாம். துரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடைக்குப் போவார். தாத்தா கோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். மீன் விழுந்தால் நிறுத்துப் பார்த்து, தேதியும் எடையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு அதில் பங்கு. குமாஸ்தாவோ கூலியாளோ அந்த ஓடையில் தூண்டில் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். 1950-களில் துரை ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் புறப்பட்டார். புறப்படும்போது இந்த ரீலைத் தாத்தாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தாத்தா அதை உறையோடு அலமாரியில் வைத்தார். வருஷத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜையன்று எடுத்துத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கணக்குப் புத்தகங்களோடு பூஜையில் வைத்து, மறுபடி உள்ளே வைத்துவிடுவார். மீன் பிடிக்கிற ரீல் மஞ்சள் குங்குமம் வாங்கியதே தவிர ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்க்கவில்லை.

"சார், தாத்தா ஒருநாள்கூட இதை நனைக்கலை. நான் தொண்டியிலே கடல்லயே நனைக்கப் போறேன்" என்றார் பேரன். தொண்டிப் பக்கம் படகிலே போய்ப் பாரையும் ஊளியும் ஈத் தூண்டிலில் பிடிக்கிற பழக்கம் அவருக்குச் சிநேகிதர்கள் மூலம் தொற்றியிருந்தது. இந்த ரீலே போதுமா, புதிது வாங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. பணம் மிச்சம் பிடிக்கிற கேள்வி அல்ல அது என்று அவர் குரலிலேயே தெரிந்தது. தாத்தாவுக்காக ஒரு காரியம் செய்து தீர்க்க வேண்டும் என்று பட்டிருக்கிறது அவருக்கு.

ரீலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்குகிற அலுமினியக் கலப்பு உலோகச் சக்கரம். கோலில் பொருத்துகிற அடிப்பாகம் பித்தளை. முகத்தில் ஆல்ன்விக் ஊர் ஹார்டி சகோதரர்களின் பெயர். 1872-இல் துப்பாக்கி வியாபாரமாக ஆரம்பித்து, தூண்டில் சாமானில் உலகப் பெயர் எடுத்தவர்கள் அவர்கள். கைப்பிடியைச் சுற்றினேன். "கிர்ர்ர்" என்று ஒரு சத்தம். அடடா! எழுபது வருஷமாகத் தூங்கிய சத்தம் என்று சொல்லவே முடியாது.

அந்தச் சத்தத்தில்தான் சமாசாரமே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஈத் தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். நம் ஊர்க் குளத்தில் பையன்கள் தூண்டில் வீசும்போது முள்ளும் இரையும் ஈயக் குண்டும் நூலை இழுத்துக்கொண்டு போகின்றன. ஈ என்பதோ இறகு; ஊதினால் பறந்துவிடும். அதற்குப் பாரம் கிடையாது. ஆகவே நூலையே பாரமாகச் செய்துவிட்டார்கள். முறுக்கி எண்ணெய் ஏற்றிய கனமான பட்டு நூல், சுமார் 30 கஜம். கோலை முன்னும் பின்னும் ஆட்டி, சாட்டையைப் போல நூலைக் காற்றில் சுழற்றி விரித்தால், நுனியில் இருக்கிற ஈ தானே கூடப் போய் விழும். இதில் ரீலுக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை! நூல் காலில் சிக்காமல் சுற்றி வைக்க ஒரு இடம். பட்டம் விடுகிற பையன் கையில் மாஞ்சா சுற்றிய கட்டை இருக்கிறதே, அந்த உத்தியோகம்தான். உள்ளே ஒரு பல்சக்கரம், அதைத் தட்டுகிற ஒரு சிறு நாக்கு. சக்கரம் தானாகச் சுழன்று நூல் சிக்காமல் இருப்பதற்காக வைத்தது அது. பிரேக் என்று அதைச் சொல்வது வீட்டுப் பூனையைக் காவல் நாய் என்று சொல்வது மாதிரி.

ரீல் என்பது பழைய சாமான்தான். சீன ஓவியர் மா யுவான் சுமார் 1195-இல் தீட்டிய ஒரு படத்தில் குளிர்கால ஏரியில் ஒற்றைப் படகு. அதில் ஒருவர் ரீல் வைத்த தூண்டிலோடு குந்தியிருக்கிறார். அந்தப் படம் இன்று டோக்கியோ மியூஸியத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் தாமஸ் பார்க்கர் என்பவர் 1651-இல் எழுதிய தூண்டில் புத்தகத்தில்தான் முதன்முதலாக ரீலைப் பற்றிய பேச்சு வருகிறது. அதன் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மரத்திலும் பித்தளையிலும் செய்துகொண்டே இருந்தார்கள். 1891 முதல் ஹார்டி கம்பெனி "பெர்பெக்ட்" என்ற ரீலை விற்றது. உள்ளே சிறு உருளைக் குண்டுகள்; வெண்ணெய் போலச் சுற்றும். பெயரே "குறையற்றது" என்று வைத்துவிட்டார்கள். ஓடைக்கு அந்தப் பெயர் பொருந்தும்.

கடலில் என்ன ஆகும் என்பதைக் கண்டுகொண்டவர்கள் அமெரிக்காவில் கலிபோர்னியாவை அடுத்த காடலினா தீவுக்காரர்கள். 1898-இல் சார்லஸ் பிரெடரிக் ஹோல்டர் என்பவர் அங்கே 183 பவுண்டு எடையுள்ள சூரை மீனைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அந்த உற்சாகத்தில் அதே வருஷம் சூரைச் சங்கம் ஒன்று ஆரம்பமாயிற்று. அந்தக் காலத்து ரீலுக்குத் தோல் துண்டுதான் பிரேக். கட்டை விரலால் தோலை நூலின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மீன் ஓடினால் ரீல் சுற்றும். ரீலோடு கைப்பிடியும் சுற்றும். சுற்றுகிற கைப்பிடிக்கு நடுவே விரலை விட்டவர்கள் கதி என்ன என்று கேட்காதீர்கள். மீன் பிடிக்கப் போய் விரல் முறிந்து வந்தவர்கள் பலர். வில்லியம் பாஷன் என்பவர் இதற்கு ஒரு உபாயம் யோசித்தார். ரீலுக்கு உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள். வெளியே நட்சத்திர வடிவில் ஒரு திருகு. திருகை இறுக்கினால் தட்டுகள் உரசும். மீன் இழுத்தால் நூல் மட்டும் போகும், கைப்பிடி சும்மா இருக்கும். 1913-இல் அந்த ரீலைக் கொண்டு 350 பவுண்டுக்கு மேற்பட்ட ஒரு கத்தி மீனை அவர் பிடித்துக் காட்டினார். கோலிலும் ரீலிலும் அந்த ஜாதி மீன் அகப்பட்டது அதுவே முதல் தடவை.

இங்கே தொழில்முறைப் பொறாமை ஒன்றைச் சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள். ஜேன் கிரே என்ற அமெரிக்க நாவலாசிரியர், குதிரை வீரர் கதைகளாக எழுதிக் குவித்தவர், காடலினாக் கடலில் மீன் பிடிப்பதிலேயே பாதி வாழ்நாளைக் கழித்தார். 1920-களின் இறுதியில் ஹார்டி கம்பெனியார் ஒரு பெரிய கடல் ரீலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தமிழ் நாவலாசிரியர் பெயரில் இதுவரை ஒரு பேனாகூட வந்ததாக எனக்குத் தெரியாது.

ஈத் தூண்டிலைக் கடலுக்குக் கொண்டுபோனது அதற்கும் பின்னால்தான் பரவலாயிற்று. ஜோ புரூக்ஸ் என்பவர் 1950-இல் அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். பிளாரிடாவில் டார்பன் என்ற பெரிய வெள்ளி மீன் பிடிப்பவர்கள் ஓடை ரீலை எடுத்துக்கொண்டு போனார்கள். ரீல்கள் உடைந்து திரும்பின. பிறகுதான் ஆயுதத் தொழிற்சாலைக் கணக்கில் கடைந்தெடுத்த கடல் ரீல்கள் அங்கே பிறந்தன. அந்த டார்பனுக்கு நம் கழிமுகங்களில் ஒரு தம்பி உண்டு. மொரான் கெண்டை என்பார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி புதிதல்ல. சென்னை சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். வடக்கே மஹ்சீர் என்றும் நம் பக்கம் பொம்மீன் என்றும் சொல்கிற ஆற்று ராட்சசனுக்கு ட்ரவுட் சாமான் போதாது என்பது அவர் காலத்திலேயே துரைமார்களுக்குத் தெரிந்துபோயிற்று. 1946 மார்ச் மாதம் கபினி ஆற்றில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 120 பவுண்டு பொம்மீன் ஒன்றைக் கரை சேர்த்தார். ஆற்று மீனே இப்படி என்றால் கடல் மீனைக் கேட்பானேன்?

ஆனால் துரைமார் புத்தகங்களை எல்லாம் விட அதிகமாக எனக்குக் கற்றுக் கொடுத்தவர் தொண்டிக்கு வடக்கே ஒரு குப்பத்துப் பெரியவர். வங்கிப் பேரனோடு ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். பெரியவருக்குக் கோலும் கிடையாது, ரீலும் கிடையாது. கையிலே நரம்பு. நைலான் கயிற்றை அங்கே நரம்பு என்றுதான் சொல்வார்கள். தங்கூசி என்றும் சொல்வதுண்டு. ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம். அந்த வளையத்தின் மேல் நரம்பை ஓட விட்டு, கட்டை விரலால் அழுத்துவதும் தளர்த்துவதுமாக ஐம்பது வருஷம் சீலா பிடித்தவர். சென்னையில் வஞ்சிரம் என்பதைத்தான் அந்தக் கரையில் சீலா என்கிறார்கள். மீன் மார்க்கெட்டில் சண்டை வராமல் இருக்கச் சொல்லி வைக்கிறேன். அவருடைய விரல் மடிப்பில், பழைய கிணற்றுக் கல்லில் கயிறு அறுத்த மாதிரி, நாலு பள்ளம்.

பேரன் தாத்தாவின் ரீலை அவரிடம் காட்டினார். பெரியவர் சுற்றிப் பார்த்தார். சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"நல்லா இருக்கு தம்பி. சீலா ஓடறப்ப இதிலே எது சூடாகும்?"

பேரனுக்குப் புரியவில்லை.

"எனக்கு இந்த ரப்பர் சூடாகும். ரப்பர் சூடானா விட்டுருவேன். விட்டா அது ஓடும், நின்னா வாங்குவேன். இதிலே சூடாக ஒண்ணுமே காணமே? அப்ப எது மீனைப் பிடிச்சு நிறுத்தும்?"

எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை. ஓடுகிற மீனின் பலம் எங்கேயாவது உஷ்ணமாக மாற வேண்டும். பெரியவருக்கு விரல் ரப்பரில், காடலினாக்காரருக்குத் தோல் துண்டில், பாஷனுக்குத் தட்டுகளில். தட்டித் தட்டிச் சத்தம் போடுகிற நாக்கிலே அது மாறாது. மாறாத பலம் முழுக்க நூலுக்கும் முள்ளுக்கும் போகும். நூல் அறும். மீன் தாடையில் முள்ளோடும் பின்னால் இழுபடுகிற நூலோடும் போய்விடும். பிடிக்காமல் விட்ட மீனைவிட அப்படிப் போன மீன் பாவம்.

கணக்கு ஒன்றும் இருக்கிறது. ரீலில் நூல் முழுக்கச் சுற்றியிருக்கும்போது அதன் குறுக்களவு 3 அங்குலம் என்று வையுங்கள். மீன் ஓட ஓட நூல் குறைகிறது. சுற்றின் குறுக்களவு ஒன்றரை அங்குலம் ஆகிறது. பிரேக்கை நாம் தொடவே இல்லை. ஆனால் ஆரம்பத்தில் 1 கிலோ இழுத்தால் அசைந்த ரீல் இப்போது 2 கிலோ இழுத்தால்தான் அசையும். அதுமட்டுமா? நீளமாகக் கிடக்கிற நூலைத் தண்ணீர் வேறு பிடித்து இழுக்கிறது. மீன் தூரத்தில் இருக்கும்போதுதான் நூல் அறுகிறது என்று தூண்டில்காரர்கள் அதிர்ஷ்டத்தை நோவதற்கு இதுதான் காரணம். திரும்பச் சுற்றும்போதும் இதே தொல்லை. 100 கஜம் என்றால் 3600 அங்குலம். ஒன்றரை அங்குலச் சுற்றிலே அதை வாங்க 760 தடவைக்கு மேல் கையைச் சுற்ற வேண்டும். அதற்குள் மீன் நம்மை நோக்கி ஓடி வந்து, தொய்ந்த நூலில் முள்ளை உதறிவிடும். கடல் ரீல்களின் அச்சை இப்போது பெரிய உருளையாகச் செய்வது இதற்காகத்தான். நடுக் கட்டை பருமனாக இருந்தால் குறுக்களவு அதிகம் சுருங்காது. 4 அங்குலச் சுற்றானால் ஒரு சுற்றுக்கு ஓர் அடி நூல் வரும். பருமனான கட்டையில் நூல் குறைவாகத்தான் பிடிக்குமே என்றால், ரீலையே பெரிதாகச் செய்ய வேண்டியதுதான். பாரைக்கும் சீலாவுக்கும் கனமான நூலுக்குப் பின்னால் 200 கஜமாவது மெல்லிய பின்நூல் வேண்டும்.

இனி உப்பு. அலுமினியமும் பித்தளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அது ஒரு சிறு மின்கலம். டார்ச் லைட்டில் போடுகிற பாட்டரிக்கு அண்ணன் தம்பி. இதில் தேய்ந்து போவது அலுமினியம். வெள்ளைப் பொடியாகப் பூத்து, திருகுகளைக் கவ்விக்கொள்ளும். உள்ளே எஃகுக் குண்டுகள் இருந்தால் அவை துருவேறும். "ஒரு நாள்தானே சார், நனைச்சுட்டு உடனே கழுவிடறேன்" என்றார் பேரன். ஒரு நாள் போதும். திருகுக்கு அடியில் போன உப்பு, துடைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்து, மழைக்காலக் காற்றில் ஈரத்தை வாங்கி வாங்கி வேலை செய்துகொண்டிருக்கும்.

ஆகவே நான் சொன்னது இதுதான்: கடலுக்கு வேறு வாங்குங்கள். எதைப் பார்த்து வாங்குவது என்றும் சொன்னேன். முதலில் பிரேக். கார்க் தட்டானாலும் சரி, கரித்தட்டானாலும் சரி. எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதைவிட எவ்வளவு மெதுவாக ஆரம்பிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நூலைப் பிடித்து இழுத்தால் வெடுக்கென்று குதிக்காமல் வழுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். கடையில் நின்று சும்மா சுற்றிப் பார்த்தால் இது தெரியாது. கோலில் மாட்டி, நூலைக் கோர்த்து, ஒருவரை இழுக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, உப்பும் மணலும் தட்டுகளுக்குள் போகாத மூடி. மூன்றாவது, ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்த உடம்பும் மேலே சாயம் ஏற்றிய காப்பும். அழகு, பெயர், சத்தம் இவையெல்லாம் அப்புறம். கைப்பிடி மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்: ஈத் தூண்டில் ரீல்களில் பெரும்பாலானவற்றில் மீன் ஓடும்போது கைப்பிடியும் சேர்ந்து சுற்றும். விரலை வெளியே வைத்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

வாங்கிய பிறகு ஒரு காரியம் உண்டு. பழைய பேப்பர் வாங்குகிறவர் வைத்திருக்கிற கொக்கித் தராசு ஒன்று வேண்டும். நுனி நூல் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்து, அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் பிரேக்கை வைக்க வேண்டும். 9 கிலோ தாங்குகிற நூலானால் 2 முதல் 3 கிலோ. கண் மதிப்பில் வைக்கிறவர்கள் எப்போதும் இறுக்கியே வைப்பார்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, பிரேக்கைத் தளர்த்தி வைத்துவிட வேண்டும். இறுக்கியபடியே விட்டால் தட்டுகள் அமுங்கிப் போகும். தெற்கே மன்னார் வளைகுடாவில் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிற 21 தீவுகளின் பக்கம் தூண்டிலோடு போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைத்தேன். ரீல் நல்லதாக இருப்பதால் மட்டும் அங்கே அனுமதி கிடைத்துவிடாது.

பேரன் புது ரீல் வாங்கிவிட்டார். சம்பளத்தில் பெரிய துண்டு விழுந்தது. பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். அவர் நூலைத் தம் விரலில் சுற்றி இழுத்து, "ம், இது சூடாகும்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

தாத்தாவின் ரீலைப் பற்றி அவருக்கு மனக்குறை தீரவில்லை. ட்ரவுட் ஓடைகளில் இன்று நினைத்தவர் நினைத்தபடி தூண்டில் போட முடியாது. இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்கா. கடைசியில் பொங்கல் விடுமுறையில் கொட்டகுடி ஆற்றுக்குப் போனோம். ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகள் தலைக்கு மேலே இறங்கி வந்த பள்ளத்தாக்கு அது. முழங்கால் தண்ணீரில் நின்று அவர் வீசினார். அரை மணி நேரத்துக்குப் பிறகு, சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு கெண்டைக் குஞ்சு வந்தது. அதற்கு ரீலைச் சுற்றுகிற பலம்கூட இல்லை. முள்ளை எடுத்துத் தண்ணீரில் விட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, தேதியை எழுதி, எடை என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார்.